ஊர்த் தெரு வாடிக்கை

மஞ்சுளா அக்கா மைக்கைப் பிடித்ததுமே, கடை தனக்குத்தான் என்று ஜோஸ்பின் முடிவுகட்டிவிட்டாள்.

பாகூர் சமுதாயக் கூடத்தில் காலனிப் பெண்களுக்கான தொழில் தேர்வு. பயிற்சி முடித்த பதினோரு பேரில் ஒருத்திக்குப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு கடை. சொந்தச் சரக்கைக் கொண்டுவர வேண்டும். அதை வாங்கிச் சாப்பிடுகிற ஒருவரையும் கூட்டிவர வேண்டும்.

சரக்கு எல்லாரிடமும் இருந்தது. ஆனால் மற்ற பத்துப் பேரும் கூட்டிவந்தது அத்தையை, நாத்தனாரை, அடுத்த வீட்டுக்காரியை. காலனியைத் தாண்டி ஊர்த் தெருவிலிருந்து ஆள் கொண்டுவந்தவள் ஜோஸ்பின் ஒருத்திதான். அதுவும் நிலபுலன் உள்ள வீட்டு மஞ்சுளா அக்கா, பட்டுப்புடவையில்.

ஜோஸ்பின் இரண்டு முறை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். எல்லாரும் பார்க்கிறார்களா என்று தெரிய வேண்டாமா?

"எங்க வூட்ல இந்தச் சத்துமாவு இல்லாம ஒரு நாளு ஓடாதுங்க," என்றாள் மஞ்சுளா. "ரெண்டு வருசமா வாரம் மூணு கிலோ. சோர்வுன்னா இன்னான்னே மறந்துபோச்சு."

கைதட்டல். ஜோஸ்பினுக்குக் கண் கலங்கியது.

மேடையில் தேர்வாளர்கள் மூவரும் அவள் காய்ச்சிய கஞ்சியை வாயில் வைத்து, வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்கள்.

கஞ்சியை மெல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. வாங்குகிறவர் சொல்வதைக் கேளுங்கள், அதுதான் வியாபாரத்தின் முதல் பாடம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஜோஸ்பின் மாவில் காட்டினாள்.

நைசா அரைக்காதடி, கொரகொரப்பா இருக்கட்டும் என்றாள் மஞ்சுளா. அப்படியே அரைத்தாள். ஏலக்காயெல்லாம் வேணாம் என்றாள். நிறுத்தினாள். வேர்க்கடலையைத் தோலோட போடு என்றாள். போட்டாள். உப்பு ஒரு கை சேர்த்துப் பாரேன் என்றாள். சத்துமாவில் எதற்கு உப்பு என்று ஒரு கணம் திகைத்துவிட்டு, அதையும் சேர்த்தாள்.

காலனியில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தொண்டையில் நிற்கிறது என்று எதிர்வீட்டு அமுதம் சொன்னபோது, "ஊர்க்காரங்க ருசி உனுக்கு இன்னாடி தெரியும்?" என்று வாயை அடைத்தாள். புருஷன் ராமு அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு, எழுந்து டீக்கடைக்குப் போனான். அதையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

மஞ்சுளா வீட்டில் இரண்டே பேர். வாரம் மூன்று கிலோ எப்படித் தீர்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வாங்குகிறவர் வயிற்றை விற்கிறவள் அளக்கலாமா?

பின்வரிசையில் பால் சொசைட்டி சுப்பராயலு எழுந்தார். தன் பங்குக்கு ஆதரவு தெரிவிக்காமல் அவரால் எந்தக் கூட்டத்திலும் உட்கார முடியாது.

"மஞ்சுளா சொல்றது நெசம் சார்! ‘மாட்டுக்கு இன்னாம்மா வைக்கிறே?’ன்னு நானே கேட்டேன். இந்த மாவுதானாம். வேளைக்கு ஒரு லிட்டரு கூட கறக்குது சார்!"

கூடமே சிரித்தது. சுப்பராயலு அதைக் கைதட்டலில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜோஸ்பினும் சிரித்தாள். மனுஷன் தமாஷ் பண்ணுகிறார். மஞ்சுளா அக்காவும் சிரிப்பாள் என்று அவள் பக்கம் திரும்பினாள்.

மஞ்சுளா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வைத்த டம்ளரில் கஞ்சி தொடப்படாமல் ஆடை கட்டிப்போயிருந்தது.

கொரகொரப்பு. தோல். உப்பு.

மாவை வாசல் பக்கம் கொண்டுவராதே, பின்னாடி கொட்டகையோரமா வெச்சிட்டுப் போயிடு என்று மஞ்சுளா சொன்னது.

பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. மாடும் அந்த வூட்டில்தானே இருக்கிறது.

ஆதரவு இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்தில் ஒரு வாரம்கூட வாங்காமல் இருந்ததில்லை. வாயில்தான் வைக்கவில்லை. காலனிக்காரி கை பட்ட மாவு மஞ்சுளாவுக்கு ஆகாது. அதுவே மாட்டு வயிற்றுக்குள் போய்ப் பாலாகத் திரும்பினால் தீட்டெல்லாம் கழிந்து, காலைக் காபிக்கு ஆகும்.

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். சிரிப்பை விழுங்கிவிட்டு விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"மாடே விரும்பித் தின்னுதுன்னா கலப்படம் இல்லாத சரக்குதாம்மா. சரி, பாக்கெட் மேல பேரு போட்டாச்சா?"

ஜோஸ்பின் பைக்குள் கைவிட்டு ஒரு காகித உறையை எடுத்தாள். போன வாரம் மதகடிப்பட்டு அச்சகத்தில் ஆயிரம் உறை அடித்து வாங்கியிருந்தாள். ராமுவுக்குக்கூடத் தெரியாது. இன்று மேடையில் காட்டி ஒருத்தியைச் சந்தோஷத்தில் அழவைக்க வேண்டும் என்று ஒளித்து வைத்திருந்தாள்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கிலேயே வாசித்தார்.

"மஞ்சுளா சத்துமாவு."

முந்தானை சுற்றிய விரல் அப்படியே நின்றது.

"அடடே, இந்தம்மா பேரையா வெச்சிருக்கே?"

"இல்ல சார்," என்றாள் ஜோஸ்பின். அழாமல் சொல்லிவிடத்தான் பார்த்தாள். "மாட்டோட பேரு. சாப்ட்டது அதுதான?"