இன்னொரு கரண்டி பீன்ஸ்

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மூத்த மருமகள், என் மகள், அவளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த காய்கறி மண்டிக்காரர். வேறு யாரும் இல்லை. இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

மகளுக்கும் அந்தப் பையனுக்கும் ஏற்கெனவே மனம் ஒத்துப்போயிருந்தது. மண்டிக்காரர் தலையசைப்பதுதான் பாக்கி.

அவர் நாக்கு பேர்போனது. வாடிய காயைச் சமைத்து வைத்தார்கள் என்று ஒரு வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்.

எனக்குக் கவலை இல்லை. உறைய வைத்த காய் எங்கள் வீட்டு வாசல்படி ஏறியதில்லை. காலையில் நானே சந்தைக்குப் போய், பீன்ஸை ஒடித்துப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்திருந்தேன்.

நடுவில் சமையலறையிலிருந்து ஒரு தீய்ந்த வாடை வந்தது.

“கைப்பிடித் துணி கருகிடுச்சு மாமா, வேற ஒண்ணுமில்ல,” என்றாள் மருமகள்.

நான் எழுந்து போகவில்லை. அடுப்படியில் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

தட்டில் பீன்ஸ் பச்சைப்பசேலென்று விழுந்தது.

“நானே பாத்து வாங்கினது. ஃப்ரோசன் கிரோசன் எல்லாம் இங்க நுழையாது,” என்றேன்.

மண்டிக்காரர் ஒரு துண்டைக் கடித்தார். நிதானமாக மென்றார். என்னைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

என் மகள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். என் மனைவிக்கு இருமல் வந்தது.

“சம்பந்தி வாங்கின காய்னா சும்மாவா? இன்னொரு கரண்டி வைம்மா.”

சம்பந்தி என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கை கழுவ எழுந்தவருக்குத் துண்டு எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். குழாயடியில் மருமகளிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: “வாங்கின காய் தீய்ஞ்சதும், ஃப்ரோசன் பாக்கெட்டைப் பிரிச்சு, உருக விடாம நேரா சூடான எண்ணெய்ல போட்டிருக்கே. அதான் தொளதொளன்னு ஆகல. கெட்டிக்காரி! மாமா காதுல மட்டும் போட்டுடாதே.”

சத்தம் காட்டாமல் திரும்பி வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சம்பந்தியை ஏமாற்றித்தான் நாங்கள் பெண்ணைக் கொடுத்தோம் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு சுற்றுகிறது. பொய். அந்த மேசையில் விஷயம் தெரியாமல் சாப்பிட்டவன் ஒருவன்தான். அவன் சம்பந்தி அல்ல.