கேட்டால்தான் பதில்

“ஏம்மா, மனசாட்சின்னு ஒண்ணு உங்களுக்கு இருக்கா, இல்லையா?”

நாடாளுமன்றக் குழு அறையே அதிர்ந்தது. கேட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பீரங்கி.

எதிரே சாட்சி நாற்காலியில் நிதித்துறைச் செயலாளர் அம்மாள். நரைத்த தலை, தூங்கி நாளான கண்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம்.

“கேள்வி என்னன்னு சொன்னீங்கன்னா பதில் சொல்றேன்” என்றார், குரல் எழும்பாமல்.

மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்துகொண்டிருந்த சுருக்கெழுத்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறதே இந்த அம்மாள்!

மூழ்கப்போன வங்கி ஒன்றைக் கைதூக்கிவிட அரசு கஜானாவையே கவிழ்த்துக் கொட்டியிருந்தது. அந்த ஓட்டையை அடைக்க, அரசு ஊழியர் யாருக்கும் சம்பள உயர்வு கிடையாது என்று கையை விரித்துவிட்டது. விலைவாசி மட்டும் யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டிருந்தது. சுருக்கெழுத்தரும் அரசு ஊழியர்; அவர் மனைவியும் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரே வீட்டில் இரண்டு அடி.

“வங்கி மூழ்கியிருந்தா ஜனங்களோட சேமிப்பும் மூழ்கியிருக்கும். அதனால காப்பாத்தினோம்.”

“காப்பாத்தினது வங்கியையா, அதை மூழ்கடிச்ச பெரிய மனுஷங்களையா?”

“அது உங்க அபிப்பிராயம். கேள்வி இல்ல.”

“உள்ள என்ன நடந்துச்சுன்னு நீங்களா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்திருக்கேன். குழு நேரா கேக்காத எதையும் நானா சொல்ல முடியாது.”

பின்வரிசையில் இருந்த நர்ஸ்கள் சங்கத்துப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். குழுத் தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு இடைவேளை விட்டார்.

சுருக்கெழுத்தர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுவதற்குள் மனைவியின் போன்.

“என்னங்க, இங்க டிவியில பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். அந்த அம்மாவுக்கு என்ன கல் நெஞ்சா? நேத்து ஒரே ஆளா ரெண்டு வார்டு பார்த்தேன். காலு ரெண்டும் மரக்கட்டை ஆயிடுச்சு.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சு என்ன பண்ண? எதிர்லதானே உக்காந்திருக்கீங்க. முடிஞ்சதும் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

“கேட்டா என் வேலை போயிடும்.”

“ஆமா, இந்தச் சம்பளத்துக்குப் போனா என்ன, இருந்தா என்ன!”

குழு மறுபடி கூடியது. இந்த முறை பீரங்கி கத்தவில்லை.

“நேரா கேக்கறேன். காப்பாத்தக் கொடுத்த பணத்துலேருந்து வங்கி மேலதிகாரிகளுக்கு போனஸ் கொடுத்துக்கலாம்னு ரகசிய உத்தரவு போச்சா?”

செயலாளர் தண்ணீர் குடித்தார். தம்ளரை மெதுவாக வைத்தார்.

“போச்சு.”

பீரங்கி முன்னால் சாய்ந்தார்.

“எப்போ?”

“நர்ஸ்கள் வரைக்கும் எல்லாரோட சம்பள உயர்வையும் நிறுத்தின அதே நாள்ல.”

“கையெழுத்துப் போட்டது யாரு?”

“போடச் சொன்னது அமைச்சர். போட்டது நான்.”

சுருக்கெழுத்தரின் விரல்கள் ஒரு கணம் நின்று, பிறகு ஓடின. அதற்குமேல் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல். ஆளுங்கட்சிக்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் குழு ஒரே குரலில் முடிவு செய்தது: போனஸைத் திரும்பப் பிடுங்க வேண்டும், சம்பள உயர்வை உடனே கொடுக்க வேண்டும். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அமைச்சரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வெளியே பீரங்கியைச் சுற்றி ஒரே கூட்டம். சங்கத்துப் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். செயலாளர் கடந்து போனபோது மட்டும் வழிவிட்டு ஒதுங்கினார்கள், தீட்டுப் பட்டதுபோல.

“பாவி” என்றாள் ஒருத்தி, காதில் விழும்படியே.

செயலாளர் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கப் படிக்கட்டுப் பக்கம் போனார். சுருக்கெழுத்தர் பின்னாலேயே போனார். நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

படியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். சுருக்கெழுத்தர் வாயைத் திறப்பதற்குள் மேலே காலடிச் சத்தம். சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

வந்தது பீரங்கி. கூட்டத்திலிருந்து எப்படியோ கழன்று வந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு படி கீழே நின்றுகொண்டார்.

“நாளைக்குப் பேப்பர்ல உங்களைக் கிழிச்சுத் தொங்கவிடுவாங்கம்மா. பென்ஷன்லயும் கை வைப்பாங்க.”

“வைக்கட்டும்.”

“எனக்கு மனசு கேக்கல. என் வீடு தேடி வந்து, இன்ன கேள்வியக் கேளுங்க, நேரா கேட்டா நான் பதில் சொல்லியே ஆகணும்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்னு இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?”

“வேணாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடின நாடகம்னு சொல்லி எல்லாத்தையும் குப்பையில போட்டுருவாங்க. அவங்களுக்குச் சம்பளம் ஏறட்டும். திட்டு நான் வாங்கிக்கறேன்... கையெழுத்துப் போட்டவ நான்தானே?”