திருப்பிக் கட்டிய சேணம்

குதிரையின் வாலை அக்காதான் வெட்டினாள். நான் கத்தரிக்கோலைப் பிடுங்கவில்லை.

சேணத்தை முன்பின்னாகத் திருப்பிக் கட்டினாள். அதன்மேல் ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்தினாள். நரித்தோல் தொப்பியை வைத்துக் கட்டினாள். வீட்டில் ஆண் ஒருவன் செத்துப்போனால், அந்த வருஷம் அவன் குதிரை இப்படித்தான் கோடை மேய்ச்சலுக்கு நடக்கும்.

மலைக்குப் போகும் தடத்தைச் சுற்றி இப்போது கோதுமை. கோதுமையைச் சுற்றிக் கம்பிவேலி. சுற்றிக்கொண்டு போனால் நாலு நாள், வழியில் தண்ணீர் கிடையாது. ஆட்டுக்குட்டிகள் தாங்காது.

வேலிக் கதவருகே இரண்டு காவல்காரர்கள். ஒருவர் முதுகைக் காட்டிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒராஸ்பெக்தான் பேசினார்.

"உங்க ஆட்டுக்காகவா விதைச்சு வெச்சிருக்கு? ஒண்ணு வாய வெச்சாலும் என் வேலை போயிடும்பா. சுத்திப் போங்க."

"ஓரமா ஓட்டிக்கிட்டுப் போயிடறோம், பெரியவரே" என்றேன்.

"போன தடவையும் ஒருத்தன் இதையேதான் சொன்னான்."

அக்கா மந்தையை விலக்கிக்கொண்டு குதிரையை முன்னால் கொண்டுவந்தாள்.

ஒராஸ்பெக் தொப்பியைக் கழற்றினார். அந்தக் கோலத்தில் வரும் குதிரையை எங்கள் பக்கம் யாரும் மறித்ததில்லை. உள்ளங்கைகளை விரித்து, செத்தவருக்காக துஆ ஓதினார்.

"யாரும்மா போனது?"

"என் வீட்டுக்காரர்."

"எப்போ?"

"போன அறுவடைக்கு. எங்க நிலத்தக் குத்தகைக்கு எழுதிக் குடுத்துட்டு இங்க காவலுக்கு வந்து சேர்ந்தாரே, அன்னிக்கு."

ஓதி முடித்து முகத்தைத் தடவ எழுந்த ஒராஸ்பெக்கின் கைகள் பாதியில் நின்றன. மெதுவாகத் திரும்பி மற்றவரைப் பார்த்தார்.

அவர் கம்பியைக் கீழே போட்டார். வந்து சங்கிலியை அவிழ்த்தார். கதவை இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆடுகள் உள்ளே நுழைந்தன. அக்கா அவரைத் தாண்டிப் போனாள். குதிரை மட்டும் நின்று அவர் தோளை முகர்ந்தது. அக்கா கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

கடைசியாக நான்.

"குட்டிங்க பத்திரம்டா" என்றார் மாமா.

முன்னால் அக்கா ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தாள், அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி. அது நடிப்பில்லை.

மாமா கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.