கனவில் வந்த புலி

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை, காலை 11.20. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார்களுக்கு வயர் கட்டும் ஒரு தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் சைரன் ஒலித்தது.

"அண்ணாச்சி, தீயா?" முத்துச்செல்வி மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தீயுமில்ல, ஒண்ணுமில்ல. மாக் டிரில்மா. சும்மா ஒத்திகை." சூப்பர்வைசர் தசரதன் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினார். "நாலு நிமிஷத்துல எல்லாரும் கீழ நிக்கணும். எவளாவது ஓடுனா பெயிலு. திரும்ப மேல ஏத்தி எறக்குவேன்!"

"மாயை சார் ஆரம்பிச்சிட்டாருடி" என்று தங்கமாரி முணுமுணுத்தாள். பெண்கள் சலிப்போடு வரிசை கட்டினார்கள்.

தசரதன் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் அத்வைதச் சொற்பொழிவு கேட்பவர். கேட்டதை லைன் முழுக்கப் பரிமாறுவார். "கனவுல வர்ற புலி பொய். ஆனா அலறிக்கினு எழுந்துக்கிறோமே, அந்த முழிப்பு நெஜம்" என்பார்.

"ராமானுஜர் பொறந்த ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு உலகம் பொய்யின்னு சொல்லுதீயளே, பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று தங்கமாரி மடக்குவாள்.

முத்துச்செல்விக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. போன வருஷம் ஒரகடத்தில் அவள் வேறொரு கம்பெனியில் இருந்தாள். குழாயில் கசிந்த நீராவியைப் பார்த்து யாரோ "தீ" என்று கத்த, படிக்கட்டில் விழுந்தவள்மேல் மொத்தக் கூட்டமும் ஏறி ஓடியது. அங்கே தீயே இல்லை. அவளுடைய வலது கணுக்காலில் இன்றும் இரும்புத் தகடு இருக்கிறது.

"கயித்தப் பாம்புன்னு ஓடிக்கிறீங்க. பாம்பு பொய், ஒடைஞ்ச காலு நெஜம்" என்று அதைக் கேட்ட அன்று தசரதன் சொல்லியிருந்தார்.

படிக்கட்டு முனையில் அந்தக் கால் நகர மறுத்தது. பின்னால் நூறு பேர்.

"என்னால ஏலாது அண்ணாச்சி. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். ஒத்திகைதானே?"

"இன்னாம்மா நீ! ஒரு ஆளு கொறைஞ்சாலும் எனக்குத்தான் திட்டு. கையக் குடு." அவருடைய உள்ளங்கை வியர்த்து நசநசத்தது. "படிய எண்ணிக்கினே வா. ஒண்ணு... ரெண்டு..."

நாற்பத்து நான்கு படிகள். யாரும் முந்தவில்லை. 'இந்த நேரத்தை டீ பிரேக்குல புடிச்சுக்குவாங்களோ' என்று பின்னால் யாரோ கேட்க, ஒரு சிரிப்பலை இறங்கி வந்தது.

கேட்டருகே எல்லாரையும் ரோட்டைப் பார்த்து நிற்கவைத்துத் தசரதன் தலை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நூற்றெண்பத்தாறு, ஒருவரும் குறையவில்லை. எண்ணி முடித்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நானும் எறங்கிட்டேம்லா!" முத்துச்செல்வியின் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சம். "எத்தனை நிமிசம் அண்ணாச்சி?" குனிந்து ஸ்டாப்வாட்சைத் திருப்பினாள்.

அது சைபரில் நின்றது. அவர் அதை அழுத்தவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் கண்ணாடிகள் வெடித்துச் சிதறின. அவர்கள் வேலை செய்த தளத்துக்கு நேர் மேலே, மூன்றாம் மாடிக் கிடங்கு அன்று மாலைவரை எரிந்தது, யாருக்கும் காயமில்லை.