கீழ் வீட்டுக்காரர்

எட்டு வருஷம் குடியிருந்த நகரத்து மூன்றாவது மாடியைக் காலி செய்துவிட்டு கிராமத்து வீட்டுக்கு வந்த முதல் காலை. வயலைப் பார்த்த ஜன்னல் வழியே வந்த வெயில், பிரிக்காத அட்டைப்பெட்டிகள் மேல் சோம்பலாகக் கிடக்கிறது. மகள் குதிகால் தரையில் படாமல் கயிறு தாண்டுகிறாள். கால் தடுக்கித் தொப்பென்று விழுகிறாள். "மெதுவாடி! கீழ் வீட்டுக்காரர் கத்தப் போறாரு" என்கிறாள் அம்மா, கழுவிய பாத்திரமும் கையுமாக. அப்பா உட்பட மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார்கள். கீழிருந்து கழியால் இடிக்கும் அந்தச் சத்தம் வரவில்லை. "கீழே மண்புழுதான் குடியிருக்கு. அது ஒண்ணும் சொல்லாது" என்கிறார் அப்பா. அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கிறாள். முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். "குடுடி அதை" என்று கயிற்றை வாங்கி, எட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு குதி குதிக்கிறாள். பெட்டிமேல் அடுக்கிய டம்ளர்கள் அத்தனையும் கலகலக்கின்றன.