ஆயிரம் நொடித் தூக்கம்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ஷெல் இருந்துச்சாம். அதைச் சாகடிக்க சுத்துப்பட்டு ஊர்லேர்ந்தெல்லாம் ஆளுங்க பஸ் ஏறி வந்தாங்களாம்.

ஊர் ஆரணி. ஷெல்லை சி மொழியில் எழுதியவள் தேவிப்ரியா, கல்லூரியில் மூன்றாம் வருஷம். நாம் அடிக்கிற கட்டளையை வாங்கிக் கம்ப்யூட்டரை வேலை வாங்குகிற நிரல்தான் ஷெல். வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதியதால் அதற்குத் 'தறி' என்றே பெயர் வைத்திருந்தாள்.

வகுப்பில் பேச்சு வேறாக இருந்தது.

"அவளாவது எழுதறதாவது. ஏஐ கிட்ட கேட்டு ஒட்டிகினு வந்திருக்கா."

யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கேன்டீன் வரைக்கும் அதே பேச்சு. ஒருவர் ஷெல்லை இன்னொருவர் சாகடிக்கப் பார்க்கும் இன்றைய போட்டியில் தோற்றால் அது நிலைத்துவிடும்.

கடைசிச் சுற்றில் அவளுக்கு எதிரே போளூரிலிருந்து வந்த ஹேமநாத்.

நடுவர் திலகவதி மேடம் விதியை மறுபடியும் சொன்னார். "எதிராளி முதல்ல என்ன வேணா அடிச்சுப் பாக்கலாம். அப்புறம் ஒரு கட்டளையை ஓட விட்டு, நடுவுல அதை நிறுத்தச் சொல்லி கன்ட்ரோல்-சி அடிப்பாங்க. ஓடுறது நிக்கணும், ஷெல் நிக்கக் கூடாது. பிசகினா, அந்தக் கட்டளை தானா முடியறதுக்குள்ள சரி பண்ணிக்கலாம். அதுக்கு மேல நேரம் கிடையாது."

முதலில் தேவிப்ரியா அவன் ஷெல்லைச் சோதித்தாள். இல்லாத கட்டளை ஒன்றை அடித்தாள். அவ்வளவுதான், அவன் ஷெல் குழம்பி இரண்டாகிவிட்டது. வெளியே வர இரண்டு தடவை 'எக்ஸிட்' அடிக்க வேண்டியிருந்தது. அவனுக்குப் புள்ளி குறைந்தது. இனி 'தறி' தாக்குப் பிடித்தால் கோப்பை அவளுக்கு.

ஹேமநாத் வந்து உட்கார்ந்தான். அவனும் கண்டபடி எதையோ தட்டினான்.

'அப்படி ஒண்ணு எனக்குத் தெரியாதுங்க' என்றது தறி. கூடம் சிரித்தது.

அடுத்து 'ஸ்லீப்' என்று அடித்தான். சொன்ன அத்தனை நொடியும் சும்மா தூங்கச் சொல்லும் கட்டளை. காலையில் வந்தவாசி டீமுக்கு அவன் போட்டது ஐந்து. அவர்கள் என்னவென்று பார்ப்பதற்குள் கதை முடிந்துவிட்டது.

இப்போது அவன் போட்டது ஆயிரம்.

முன் வரிசையில் இருந்த கோபிநாத் எழுந்தேவிட்டான். தேவிப்ரியாவின் வகுப்புக்காரன். "திமிரைப் பாரு. கால் மணி நேரம் குடுத்தாலும் எங்க ஊர்ப் பொண்ணால முடியாதாம்."

"ஓ..." என்று கூடமே கத்தியது. ஹேமநாத் திரும்பிப் பார்க்கவில்லை. கன்ட்ரோல்-சி அடித்தான்.

ஷெல் சாகவில்லை. ஆனால் தூக்கமும் கலையவில்லை. மறுபடி அடித்தான். மறுபடியும். அசைவே இல்லை.

"பிசகு" என்றார் மேடம்.

தேவிப்ரியா கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து தன் நிரலை வரவழைத்தாள். பெரிய திரையில் அத்தனை பேரும் பார்க்க, மேலே போனாள், கீழே வந்தாள். வேறெங்கோ தேடினாள்.

"முழிக்கிறா பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திடீரென்று நிறுத்தினாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா சிரிக்கற? சத்தமா சொல்லு" என்றார் மேடம்.

"கன்ட்ரோல்-சி விழக்கூடாதுன்னு என் ஷெல் காதைப் பொத்திக்கினு இருக்கு மேடம். அது பெத்துப் போடற நிரலும் அதே மாதிரி காதைப் பொத்திக்கினே பொறக்குது. பொறந்த உடனே அதோட கையை எடுத்து விடணும்."

பிள்ளை பிறக்கிற இடத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தாள். கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி கம்பைல் செய்தாள். பிழை. அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டாள். புதிய தறியை ஓட விட்டு, அதே ஆயிரத்தைக் கொடுத்து, கன்ட்ரோல்-சி அடித்தாள்.

தூக்கம் செத்தது. தறி அடுத்த கட்டளைக்குக் காத்துக்கொண்டு கண் சிமிட்டியது.

பக்கத்து ஜன்னலில் ஹேமநாத் போட்ட பழைய தூக்கம் இன்னும் கலையவே இல்லை.

கைதட்டலில் கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லாரையும் விட சத்தமாகக் கத்தியவன் கோபிநாத். "எங்க தேவிப்ரியா எழுதினதுடா. ஒவ்வொரு வரியும் அவ எழுதினதுடா."

ஏஐ என்று முணுமுணுக்க அந்தக் கூடத்தில் யாருக்கும் வாய் இல்லை. கோப்பையை வாங்கும்போது தேவிப்ரியா அத்தனை பேரையும் நேராகப் பார்த்தாள்.

மேடம் ஹேமநாத்திடம் சொன்னார். "அஞ்சு போட்டிருந்தா கோப்பை உனக்குத்தானேப்பா."

"கை தவறிடுச்சு மேடம்."

கூட்டம் கலைந்தது. மேடமும் தேவிப்ரியாவும் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஹேமநாத்தை வாசலில் கோபிநாத் மறித்தான்.

"இன்னா பாஸ், எங்க பொண்ணை மட்டமா நெனச்சீங்க. கவுந்துட்டீங்களா?"

ஹேமநாத் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"காலையில டீ குடிச்சிகினு இருந்தப்போ நீங்கதாங்க என்னைக் கூப்ட்டு சொன்னீங்க, அது அவங்க எழுதினதே இல்ல, ஒரு வரி கூட மாத்தத் தெரியாதுன்னு. அது பொய்யின்னு எல்லாரும் கண்ணால பாக்கறதுக்கு அஞ்சு நொடி எப்படிங்க பத்தும்?"

போளூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் படியிறங்கிப் போய்விட்டான்.