எவ்வளவு ஊற்றினாலும்

"எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் சாவாத செடியா ஒண்ணு குடு, தேசப்பா" என்றாள் செங்கம்மாள்.

பொன்னேரி நர்சரிக்காரர் தேசப்பன் சிரித்தார். "போன மாசந்தானே ரோஜா வாங்கினு போன, யக்கா?"

"அதுவும் வேரு அழுகிப் போச்சு. என் புள்ளையும் ஊத்துறான், மருமவளும் ஊத்துறா. ஒருத்தர் ஊத்துறது இன்னொருத்தருக்குத் தெரியாது."

"ஒரே ஊட்ல இருந்துகினு அதகூடவா பேசிக்க மாட்டாங்க? கல்யாணமாகி ஒரு வருசங்கூட ஆவலியே!" தேசப்பன் குரலைத் தணித்தார். "சண்டையா?"

செங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு கும்மிடிப்பூண்டில நைட் ஷிப்ட். அவளுக்குப் பகல் ஷிப்ட். அவன் வர்றதுக்குள்ள அவ கெளம்பிடுவா, அவ திரும்பறதுக்குள்ள அவன் போயிடுவான். மாடில இருக்குற செடிங்களுக்குக் குடத்துலதான் தண்ணி தூக்கணும். கண்ணு முழிச்சி வர்றவரு தூக்கக் கூடாதுன்னு அவ சாயங்காலமே ஊத்திடறா. நாளெல்லாம் நின்னுகினே வேல செய்யறவ தூக்கக் கூடாதுன்னு அவன் காலைல ஊத்திடறான். 'தெரிஞ்சா அது திட்டும், சொல்லிடாதீங்க'ன்னு ரெண்டும் எங்கிட்ட வந்து கெஞ்சுதுங்க."

"யாராவது ஒருத்தர நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"யார நிறுத்தச் சொல்ற?"

தேசப்பன் அவளுக்காக எடுத்து வைத்திருந்த ரோஜாத் தொட்டியை மறுபடியும் வரிசையிலேயே வைத்தார். குழாயடிச் சேற்றில் செழித்து நின்ற கல்வாழையில் ஒன்றை வேரோடு கிளப்பிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"இது சேத்துலயே வாழும், யக்கா. இதுக்கு நீயும் ஒரு குடம் ஊத்தலாம்."